டெக்சாஸை விட்டு நியூ ஜெர்சிக்கு மாறினால் விசா கவலை தீருமா?

கேள்வி: ஐயா, டாலஸ் அருகே இர்விங் நகரில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிரீன் கார்டுக்காக நிறுவனம் கொடுத்த ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்கிறது. எச்-1பி வேலை விசா நீட்டிப்புக்கு நிறுவனம் மனுப் போட்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. எதுவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 படிவத்தின் தேதி முடிந்துவிட்டது. மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் விசிட்டர் காலத்தை நீட்டிக்கக் கொடுத்த மனுவும் நிலுவையில் இருக்கிறது. "டெக்சாஸில் இனி சாலையில் நிறுத்தும் போலீஸே விசாவைக் கேட்கும், நியூ ஜெர்சியில் மாநில போலீஸ் ஐஸுக்கு உதவாது, எடிசனுக்கு வந்துவிடு" என்கிறார் நண்பர் ஒருவர். வீட்டிலிருந்தே வேலை செய்வதால் மாறுவது எளிது. மாறலாமா? இங்கேயே இருந்தால் போலீஸ் நிறுத்தும்போது எதைக் காட்ட வேண்டும்?

பதில்: நண்பர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதில் உண்மையாக இருக்கும் பகுதி உங்கள் குடும்பத்துக்கு அதிகம் பயன்படாத பகுதி. நியூ ஜெர்சியைப் போன்ற மாநிலங்களைத் தமிழ் ஊடகங்கள் "சரணாலய மாநிலங்கள்" என்று எழுதுகின்றன. சரணாலயம் என்றதும் நமக்கு வேடந்தாங்கல்தான் நினைவுக்கு வருகிறது. வேலிக்குள் வந்துவிட்ட பறவையை எவரும் சுட முடியாது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு வேலி கிடையாது. மாநிலம் தன் போலீஸையும் தன் சிறையையும் ஐஸ் எனப்படும் குடியேற்ற அமலாக்கத் துறைக்குக் கொடுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். ஐஸ் தானாக உள்ளே வந்து தன் வேலையைச் செய்வதை மாநிலத்தால் தடுக்க முடியாது.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்று விளக்கினால், எந்தச் செய்தியைக் கண்டு பயப்பட வேண்டும், எதைப் படித்துவிட்டு விடலாம் என்பதை நீங்களே பிரித்துக்கொள்வீர்கள். 1874ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குச் சீனாவிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் இருந்த 22 பெண்களை, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று தானே முடிவு செய்த கலிபோர்னியாவின் மாநில அதிகாரி, ஒவ்வொருவருக்கும் 500 டாலர் தங்கத்தில் பிணை கட்டினால்தான் இறங்கலாம் என்று நிறுத்தி வைத்தார். அன்றைக்கு வெளிநாட்டவரை அனுமதிப்பதும் தடுப்பதும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருந்தன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாநிலத்தின் அவசர புத்தியால் நாடு முழுவதும் வெளிநாட்டோடு சண்டையில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டு, 1876இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. யார் நாட்டுக்குள் வரலாம், யார் தங்கலாம், யாரை வெளியேற்றலாம் என்பது ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், அதிகாரம் என்ற கோட்பாடு அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது.

மாநிலம் உதவ மறுக்கலாம் என்ற மறுபக்கக் கோட்பாடு குடியேற்ற வழக்கிலிருந்து வரவே இல்லை. துப்பாக்கி வழக்கிலிருந்து வந்தது. கைத்துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை உள்ளூர் போலீஸ் தலைவர்கள் சோதிக்க வேண்டும் என்று 1993இல் ஃபெடரல் சட்டம் ஒன்று கட்டளையிட்டது. மொன்டானா மாநிலத்து ஷெரீஃப் ஜே பிரின்ட்ஸ் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். மாநில அதிகாரிகளை ஃபெடரல் அரசு தன் ஏவலாள்களாக ஆக்கிக்கொள்ள முடியாது என்று 1997இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. துப்பாக்கி உரிமைக்காரர்கள் கொண்டாடிய அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்றைக்குக் கலிபோர்னியாவும் இலினாயும் நியூ ஜெர்சியும் ஒதுங்கி நிற்கின்றன. சட்டத்தில் இப்படிப்பட்ட வேடிக்கைகள் உண்டு.

இந்த இரண்டு கோட்பாடுகளும் நீங்கள் போக நினைக்கும் மாநிலத்திலேயே எப்படி மோதின என்று பாருங்கள். நியூ ஜெர்சியின் தலைமை வழக்கறிஞர் 2018 நவம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தார்: விசாரிக்கும் குற்றத்துக்குத் தொடர்பு இல்லாவிட்டால் மாநில போலீஸ் எவரிடமும் குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது, கடுமையான குற்றங்கள் போன்ற சில விதிவிலக்குகள் தவிர ஐஸின் வேண்டுகோளுக்காக எவரையும் சிறையில் கூடுதல் நேரம் வைத்திருக்கக் கூடாது. ஓஷன் உள்ளிட்ட கவுண்டிகள் (நம் மாவட்டங்களைப் போன்றவை) இதை எதிர்த்துப் போராடித் தோற்றன. நியூ ஜெர்சியை உள்ளடக்கிய மூன்றாம் வட்டார முறையீட்டு நீதிமன்றம் 2021இல் ஆணை செல்லும் என்றது. அதே ஆண்டு மாநிலம் ஒரு படி மேலே போய், குடியேற்றக் கைதிகளை வைத்திருக்கத் தனியார் சிறை நிறுவனங்கள் ஒப்பந்தம் போடுவதையே தடை செய்தது. இதே மூன்றாம் வட்டார நீதிமன்றம் 2025 ஜூலையில் அந்தத் தடை தனியார் நிறுவனத்தின் மீது செல்லாது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே நியூவார்க் நகரத்தில் டெலனி ஹால் என்ற தனியார் தடுப்பு மையம் இயங்கத் தொடங்கியிருந்தது. அதை எதிர்த்து அதன் வாசலுக்குப் போன நியூவார்க் மேயர் ராஸ் பராக்காவையே ஃபெடரல் அதிகாரிகள் மே 9 அன்று கைது செய்தார்கள். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. எடிசனிலிருந்து நியூவார்க் காரில் அரை மணி நேரம்.

இனி டெக்சாஸ். நண்பர் குறிப்பிடும் சட்டம் 2023 டிசம்பரில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட சட்டமாக இருக்க வேண்டும். எஸ்பி-4 (செனட் மசோதா 4) என்ற அதே பெயரில் முன்பும் ஒரு சட்டம் வந்திருக்கிறது. பாதிக் குழப்பம் இந்தப் பெயர் ஒற்றுமையால் வருகிறது. 2023இன் எஸ்பி-4, அனுமதிக்கப்பட்ட நுழைவு வாயில் அல்லாத இடத்தின் வழியாக வெளிநாட்டிலிருந்து டெக்சாஸுக்குள் நுழைவதை மாநிலக் குற்றமாக்குகிறது. ஃபெடரல் நீதிபதி டேவிட் எஸ்ரா 2024 பிப்ரவரி இறுதியில் அதற்குத் தடை விதித்தார். மார்ச் 19 அன்று பிற்பகலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நடப்புக்கு விட்டது. அன்று இரவே முறையீட்டு நீதிமன்றம் மறுபடி நிறுத்தியது. சில மணி நேரம் உயிரோடு இருந்த அந்தச் சட்டம் எந்த நிலையில் இருந்தாலும், டாலஸ் விமான நிலையத்தில் அதிகாரியின் முன் நின்று, கைரேகை கொடுத்து, முத்திரை வாங்கி வந்த உங்கள் அப்பாவையும் உங்களையும் அது தொடுவதில்லை. நதியைக் கடந்து வருவது வேறு, விமானத்தில் வந்து தேதி தாண்டுவது வேறு. தேதி தாண்டித் தங்குவது வெளியேற்றத்துக்குக் காரணமாகலாமே தவிர, பொதுவாக அது மட்டுமே குற்றமாகாது. உச்ச நீதிமன்றமே 2012இல் இதைச் சொல்லியிருக்கிறது.

உங்களை உண்மையில் தொடக்கூடியது 2017இன் பழைய எஸ்பி-4. சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடமோ கைதானவரிடமோ குடியேற்ற நிலையைக் கேட்கக் கூடாது என்று எந்த நகரமும் தன் போலீஸுக்கு உத்தரவிட முடியாது என்பது அதன் ஒரு பகுதி. கவுண்டிச் சிறைகள் ஐஸின் டிடெய்னரை (கீழே விளக்குகிறேன்) மதித்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு பகுதி. ஐந்தாம் வட்டார முறையீட்டு நீதிமன்றம் 2018இல் இதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டது. போதாததற்கு, சிறை நடத்தும் ஷெரீஃபுகள் 287(ஜி) எனப்படும் ஒப்பந்தத்தை ஐஸுடன் நாட வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 2025இல் நிறைவேறி 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உள்ளூர்க் காவலர்கள் பயிற்சி பெற்று ஐஸின் சில அதிகாரங்களைச் செலுத்த வழி செய்யும் இந்த ஒப்பந்தம், 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் தோன்றியது.

டிடெய்னர் என்பதை விளக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு மாநிலங்களுக்கும் உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கவுண்டிச் சிறைக்குள் வந்து, பிணை கட்டி அல்லது வழக்கு முடிந்து வெளியே போகும் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம், 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள்" என்று ஐஸ் அனுப்பும் படிவமே டிடெய்னர். டெக்சாஸ் சிறை வைத்திருக்கும். நியூ ஜெர்சி சிறை பெரும்பாலும் விட்டுவிடும். டிடெய்னர் வெறும் வேண்டுகோள்தான், கட்டளை அல்ல என்று மூன்றாம் வட்டார நீதிமன்றம் 2014இல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கில் பென்சில்வேனியாவின் ஒரு கவுண்டிச் சிறையில் மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தவர் அமெரிக்கக் குடிமகன் என்பது கூடுதல் தகவல். ஆகவே நண்பர் சொல்லும் வித்தியாசம் பெரும்பாலும் சிறைக்குள் போனவருக்கு, அதுவும் வெளியே வரும் அந்த 48 மணி நேரத்துக்குப் பொருந்தும் வித்தியாசம்.

கைதானவரின் கைரேகை விஷயத்தில் இரண்டு மாநிலங்களும் ஒன்றுதான். கைது செய்து பதிவு செய்யும் இடத்தில் எடுக்கும் கைரேகை எஃப்பிஐக்குப் போகிறது. அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்குத் தானாகப் போகிறது. இதில் மாநிலத்தின் விருப்பத்துக்கு இடமே இல்லை. 2025 வசந்த காலத்தில் நம் மாணவர்கள் பலருக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். சுமார் 13 லட்சம் வெளிநாட்டு மாணவர்களின் பெயர்களை அரசு காவல் துறைத் தரவுத்தளத்தில் ஓடவிட்டது. 6,400 பெயர்களுக்கு மேல் ஏதோ ஒரு பதிவு சிக்கியது. அதில் தள்ளுபடியான வழக்குகளும் போக்குவரத்து வழக்குகளும் இருந்தன. அவற்றை வைத்து ஆயிரக்கணக்கானோரின் மாணவர் பதிவை நீக்கினார்கள். நீதிமன்றங்கள் வரிசையாகத் தடை போட்ட பிறகு ஏப்ரல் இறுதியில் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்தவர் எந்த மாநிலத்தில் குடியிருந்தார் என்று எவரும் பார்க்கவில்லை.

எனவே உங்களிடம் நான் வலியுறுத்துவது, கைரேகை வைக்கும் அந்த மேசைக்குப் போகாமல் இருங்கள் என்பதுதான். டெக்சாஸில் இதற்கு எதிர்பாராத ஒரு பொறி இருக்கிறது. ஆஸ்டின் அருகே லாகோ விஸ்டா என்ற சிற்றூரில், பிள்ளைகளோடு சீட் பெல்ட் போடாமல் வண்டி ஓட்டிய ஒரு தாயைப் போலீஸ்காரர் விலங்கு மாட்டிச் சிறைக்குக் கொண்டுபோனார். அந்தத் தவறுக்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர்தான். ஆனாலும் கைது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. இப்போது உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு டெக்சாஸ் தரும் உரிமத்தின் முடிவுத் தேதி, ஐ-94இன் தேதியை ஒட்டியே இருக்கும். உங்கள் ஐ-94 முடிந்திருக்கிறது என்றால் உரிமமும் முடிந்திருக்கக் கூடும்! எச்-1பி நீட்டிப்பு நேரத்தில் நிறுவனத்தின் மனுவையே நினைத்துக்கொண்டிருப்போர் இதை மறப்பது மிகச் சாதாரணம். மனு பெறப்பட்டதற்கான ஐ-797 ரசீதோடு பொதுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்; அவர்கள் உங்கள் நிலையை ஃபெடரல் தரவுத்தளத்தில் சரிபார்க்க வேண்டியிருப்பதால் நாளாகலாம். புதிய உரிமம் கைக்கு வரும்வரை மனைவி வண்டி ஓட்டுவதாக இருந்தால், அவர் உரிமம் செல்லுபடியாகிறதா என்றும் பாருங்கள். துணைவருக்கான எச்-4 விசாவின் தேதியும் உங்கள் தேதியோடு முடிந்திருக்கக் கூடும்.

சாலையில் நிறுத்தினால் உரிமம், காப்பீடு, வண்டிப் பதிவு ஆகியவற்றைக் கேட்டவுடன் கொடுங்கள். கூடவே, 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. பல பத்தாண்டுகளாக ஏட்டிலேயே தூங்கிய இந்த விதியை 2025 ஏப்ரலிலிருந்து அரசு தட்டி எழுப்பியிருக்கிறது. ஐ-94 அத்தகைய சான்றுதான். இந்தச் சான்றை வைத்திருக்காததை மாநிலக் குற்றமாக்க அரிசோனா 2010இல் முயன்றபோது, அது ஃபெடரல் அரசின் வேலை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2012இல் அந்தப் பிரிவை ரத்து செய்தது. சந்தேகம் இருந்தால் போலீஸ் நிலையை விசாரிக்க வேண்டும் என்ற பிரிவை மட்டும் விட்டு வைத்தது. ஆக டெக்சாஸ் போலீஸ் உங்களுக்கு இதற்காக அபராதம் போட முடியாது, ஆனால் சான்று உங்கள் பையில் இருக்க வேண்டும். தேதி முடிந்த ஐ-94 அச்சுப்பிரதி, அதனோடு ஐ-797 ரசீது, கடவுச்சீட்டின் முதல் பக்க நகல் ஆகிய மூன்றையும் ஒரே உறையில் வண்டியில் வையுங்கள். உங்களுக்கு மனு நிலுவையில் இருக்கும் காலத்தில் அதே நிறுவனத்தில் 240 நாள் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. ரசீது இல்லாமல் அந்த அனுமதி அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது.

குடியேற்றக் கேள்விகளுக்கு வாய் திறக்காமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பேசுவதாக முடிவு செய்தால் உண்மையை மட்டும் பேசுங்கள். "சிட்டிசனா?" என்ற கேள்விக்கு, பதற்றத்திலோ சீக்கிரம் விட்டால் போதும் என்றோ "ஆமாம்" என்று தலையாட்டிவிடாதீர்கள். பொய்யாகக் குடியுரிமை கோரியவருக்கு இந்த நாட்டின் கதவு ஆயுளுக்கும் மூடிவிடும். கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் உங்களுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை. ஆங்கிலம் சரியாகக் காதில் விழாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பழக்கம் நம் பெற்றோர் பலருக்கு உண்டு, அப்பாவிடம் இதைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

அப்பாவின் காரியத்தில் மாநிலத்தைவிடத் தபால் பெட்டிதான் முக்கியம். ஐ-94 முடிவதற்கு முன்பே நீட்டிப்பு மனு போய்ச் சேர்ந்திருந்தால், அது நிலுவையில் இருக்கும்வரை சட்டவிரோதத் தங்கல் கணக்கு ஓடாது. மறுப்புக் கடிதம் வந்தால் மறுநாளிலிருந்து ஓடத் தொடங்கும். 180 நாள் தாண்டிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு, ஓராண்டு தாண்டினால் பத்து ஆண்டு திரும்பி வர முடியாது. விசாவும் ரத்தாகிவிடும். இன்னொன்று, மனு மறுக்கப்பட்டு நிலையும் இல்லாதவருக்கு நேரடியாகக் குடியேற்ற நீதிமன்ற நோட்டீஸ் அனுப்பலாம் என்று குடியேற்றச் சேவைத் துறை 2025 பிப்ரவரியில் கொள்கை வகுத்திருக்கிறது. கேட்ட ஆறு மாத நீட்டிப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கிறது என்றால், பதிலுக்காகக் காத்திராமல் அப்பா மதுரைக்குப் புறப்படுவதே என் யோசனை. பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வரை என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக் கதவைத் தட்டுவார்களோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். காட்டப்படும் தாளைக் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் படியுங்கள். தலைப்பில் மாவட்ட நீதிமன்றத்தின் பெயரும் அடியில் நீதிபதியின் கையெழுத்தும் இருந்தால் அது நீதிமன்ற வாரண்ட், வழிவிட வேண்டும். தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை என்றும், கையெழுத்திடத்தில் குடியேற்ற அதிகாரி என்றும் இருந்தால் அது நிர்வாக வாரண்ட். நீங்கள் சம்மதிக்காமல் வீட்டுக்குள் வர அது இடம் தராது என்பதே நெடுங்காலமாக நிலவும் சட்டப் பார்வை. இறுதி வெளியேற்ற உத்தரவு பெற்றவர்களுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று ஐஸ் வாதிடத் தொடங்கியிருப்பதால், உள்ளே வந்தே விட்டால் கையால் தடுக்காதீர்கள். "நான் சம்மதிக்கவில்லை" என்று வாயால் சொல்லிவிட்டு வழக்கறிஞரை அழையுங்கள். இதுவும் டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் ஒன்றுதான், ஏனென்றால் இந்தப் பாதுகாப்பு அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தத்திலிருந்து வருகிறது.

மாறுவதைப் பற்றிக் கடைசியாக. உங்கள் எச்-1பி மனு இர்விங்கை வேலை இடமாகக் காட்டியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு வீடே வேலை இடம். அன்றாடம் போய்வரும் தூரத்துக்கு அப்பால் வேறு பெருநகரப் பகுதிக்கு அந்த வீடு நகர்ந்தால், நகர்வதற்கு முன்பே நிறுவனம் திருத்த மனு போட வேண்டும் என்று 2015இலிருந்தே விதி இருக்கிறது. அதோடு எவ்வூருக்குப் போனாலும் பத்து நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் மூலம் புதிய முகவரியைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர், பயத்தில் அவசரமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு மாநிலம் மாறியவர், திருத்த மனு இல்லாமல் பதினான்கு மாதம் வேலை செய்திருந்தார். டெக்சாஸில் இருந்தவரை அவர் மீது குறை சொல்ல எதுவுமே இருக்கவில்லை. எடிசனில் கோயில் இருக்கிறது, கடை இருக்கிறது, நல்ல பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்காக மாறுவதென்றால் முதலில் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் பேசி, திருத்த மனுவின் ரசீது கைக்கு வந்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள். அதற்கு முன் இந்த வாரமே ஓட்டுநர் உரிமத்தின் தேதியைப் பாருங்கள்.